வராத பிள்ளைகள்

தங்கை மகளின் எட்டு மாதக் குழந்தைக்கு நெஞ்சுச்சளி. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்கு அடியில் குழி விழுந்தது. கார்த்திகை மழையில், அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் நான்கு இரவுகள் துணைக்கு இருந்தேன்.

கட்டில்களில் பாதிக்கு மேல் இரண்டு வயது நிரம்பாத சிசுக்கள், எல்லாம் சளியும் இழுப்பும். டெங்குவுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தவர்கள் பள்ளிக்கூடம் போகிற வயது. காய்ச்சல் வலிப்போடு வந்த ஒன்றரை வயதுப் பையன் மறுநாளே விளையாட ஆரம்பித்துவிட்டான். அவன் அம்மாவுக்குத்தான் நடுக்கம் நிற்கவில்லை.

இரவுப் பணி சிஸ்டர் ஓய்வு பெறப் போகிறவர். ஒவ்வொரு பிள்ளையின் நெஞ்சையும் பார்த்தபடி, ஒரு முழு நிமிடம் வாட்சை வைத்து மூச்சை எண்ணுவார். எனக்கும் சொல்லிக்கொடுத்தார். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இருமலோடு வரும் பிள்ளைக்கு மூச்சு அந்த எண்ணைத் தொட்டால் நிமோனியாவாக இருக்கலாம். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். எல்லா அம்மாக்களுக்கும் ஏன் இதைச் சொல்லித்தருவதில்லை என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

“நான் வேலைக்குச் சேந்தப்ப தட்டம்மையும் வயித்துப்போக்குமாத்தாம்மா கெடக்கும். ஒரு தொட்டில்ல ரெண்டு பிள்ளை” என்றார். அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தன: 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் தொடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி, 2017இல் வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டு, 2021இல் நிமோனியா ஊசி. புதன்கிழமைதோறும் போடப்படும் இவற்றால் இந்த வார்டுக்கு வராமலே வளர்ந்த பிள்ளைகளின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அந்த வெற்றிடத்தைப் பார்க்கப் பார்க்க மனம் நிறைந்தது.

ஆனால் வராதவர்கள் எல்லோரும் நலமாக இருப்பதால் வராதவர்கள் அல்ல. ஒருநாள் கட்டில் கட்டிலாக எண்ணினேன். 22 பேரில் 14 பேர் பையன்கள். ஒரு நாள் கணக்கை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. பிஞ்சு வயதில் மூச்சுத் தொற்று ஆண் குழந்தையைச் சற்று அதிகமாகவே தாக்கும் என்பதும் உண்மை. இருந்தாலும், டெல்லி எய்ம்ஸில் 2016இல் வெளிநோயாளிகளாக வந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு மனதை அரித்தது. ஊர் தூரமாக ஆக, வருகிறவர்களில் பெண்களின் பங்கு குறைந்துகொண்டே போனது. சிறு வயதிலும் அந்த இடைவெளி பெரிதாகவே இருந்தது. நோய்க்கு பஸ் கட்டணம் தெரியாது, வீட்டுக்குத் தெரியும்.

எதிர்க் கட்டிலில் பத்து மாதப் பையன். அவனுடைய அக்காவுக்கு நான்கு வயது இருக்கும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கூடவே வந்தவள். கட்டிலின் கால்மாட்டில் தம்பியின் பாலாடையைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் இருமினாள்.

“அது அவளுக்கு எப்பவும் இருக்கிற சளிதான்க்கா” என்றாள் தாய்.

வாட்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எண்ணினேன். 46. மறுபடி எண்ணினேன். சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் தானும் ஒரு நிமிடம் எண்ணிவிட்டு, பாலாடையை அவள் கையிலிருந்து மெல்ல எடுத்து வைத்துவிட்டு, புது கேஸ் ஷீட் ஒன்றை எடுத்தார்.

“பேரு என்னம்மா? எத்தனை நாளா?”