அளக்கும் கோலை அளப்பது யார்? – ஆதனவரி மதிப்பீடும் மக்கள் நம்பிக்கையும்

வரி கொடாத மக்களைப் பற்றிக் குறைகூறாத உள்ளூராட்சி அதிகாரி எமது நாட்டில் அரிது. அவ்வரி எவ்வாறு மதிக்கப்பட்டது என்பதை மக்களுக்கு விளக்கிய அதிகாரியோ அதனினும் அரிது. "வன்னி மக்கள் வரி கட்டிப் பழகாதவர்கள், பொறுப்புணர்ச்சி அற்றவர்கள்" என்பது நாம் அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு. இக்குற்றச்சாட்டை நாம் மறுக்கின்றோம். பொதுமக்கள் சோலைவரி என்றும் அலுவலகங்கள் ஆதனவரி என்றும் வழங்கும் இவ்வரியைப் பொறுத்தவரை, முதலிற் பொறுப்புக் கூறவேண்டியவர் வரியிறுப்பாளர் அல்லர். மதிப்பிடுபவரும், அம்மதிப்பை ஏற்று வரி விதிக்கும் சபையுமே முதலிற் பொறுப்புக் கூறக் கடமைப்பட்டவர்கள். இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், கட்டடங்கள் பெருகிய பகுதியெனப் பிரகடனஞ் செய்யப்பட்ட இடங்களில் உள்ள ஆதனங்களின் மீது வரி விதிக்கச் சபைக்கு அதிகாரம் அளிக்கின்றது. வரியின் அடிப்படை, ஆதனத்தின் ஆண்டுப் பெறுமதி. அதாவது, அவ்வாதனத்தை வாடகைக்கு விட்டால் ஆண்டொன்றில் எவ்வளவு கிடைக்கக்கூடும் என்ற கணிப்பு. இக்கணிப்பின்மீது சபை தீர்மானிக்கும் வீதமே வரியாகின்றது.

ஆகவே வரியைத் தீர்மானிப்பன இரண்டு எண்கள். ஒன்று வீதம், மற்றையது பெறுமதி. வீதத்தைப் பற்றிச் சபையிலே விவாதம் நடைபெறும், உறுப்பினர் கைதூக்குவர், பத்திரிகைகள் எழுதும். பெறுமதியோ ஓர் உத்தியோகத்தரின் கோவைக்குள் பிறந்து, கோவைக்குள்ளேயே முதிர்கின்றது. எடுத்துக்காட்டாக, 10,000 ரூபா பெறுமதியுள்ள வீட்டுக்கு 5 வீதமெனில் வரி 500 ரூபா. வீதத்தைத் தொடாமற் பெறுமதியை மட்டும் 20,000 ரூபாவாக்கினால் வரி 1,000 ரூபாவாகிவிடும். வரி இரட்டித்தது, ஆனால் இரட்டிப்போம் என எந்த உறுப்பினரும் வாக்களிக்கவில்லை. மக்களாட்சியின் கண்ணுக்குத் தப்பிச் செல்லும் வழி இதுவே.

கொழும்பிலும் கண்டியிலும் வாடகைச் சந்தை உண்டு; அங்கே பெறுமதியை ஒப்புநோக்கிக் கூற முடியும். பூநகரிப் பிரதேசத்து ஜெயபுரம் போன்ற கிராமங்களின் நிலை என்ன? வயலையும் தோட்டத்தையும் கூலியையும் நம்பி வாழ்வோர் தத்தம் காணியிற் குடியிருக்கும் ஊரிலே வாடகை என்பது எங்ஙனம் அறியப்படும்? போர் 2009இல் முடிவுற்றபின் மீளக் குடியமர்ந்தோர் பலருக்கு இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் 550 சதுர அடி வீடுகளுக்கென 550,000 ரூபா தவணைகளாக வழங்கப்பட்டது. அத்தொகை போதாமையால் கடன்பட்டுக் கட்டி முடித்தோர் எத்தனை பேர்! பூசப்படாத சுவரோடு நிற்கும் அவ்வீட்டுக்கும் வீதியோரத்து மாடிக் கடைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மதிப்பீட்டாளர் எந்த அளவுகோலால் அளப்பார்? ஊகமின்றி மதிக்க இயலாத இடத்தில், அந்த ஊகம் எவ்வாறு செய்யப்பட்டது என்பதையேனும் சொல்ல வேண்டாமா? ஜெயபுரத்தைப் போன்ற ஊர்கள் வீதியும் மின்சாரமும் பெற்று வளர வளர, இவ்வினா அவற்றின் வாசலுக்கு வந்தே தீரும்.

"ஆட்சேபிக்கும் உரிமையைச் சட்டம் தந்துள்ளதே" என்பர். உண்மை. ஆனால் எதனை ஆட்சேபிப்பது? தன் வீட்டின் பெறுமதி மட்டும் தெரிந்து, அயல்வீட்டின் பெறுமதியும் கணித்த முறையும் தெரியாதவர், தமக்கு இழைக்கப்பட்டது நீதியா அநீதியா என எவ்வாறு அறிவார்? ஒப்புநோக்க இடமில்லாத உரிமை, திறப்பில்லாத பூட்டைக் கையிற் கொடுப்பதை ஒக்கும்.

இன்னொன்றும் நோக்கற்பாலது. ஆண்டு முழுவதற்குமான வரியை ஜனவரி 31ஆம் நாளுக்கு முன் செலுத்துவோருக்கு 10 வீதக் கழிவு உண்டு. ஒரு நாள் பிந்தினால் அக்கழிவு இல்லை. நிலுவை வைப்போரின் பொருளைக் கைப்பற்றவும் சட்டத்தில் இடமுண்டு. மக்களின் நாட்காட்டி இவ்வளவு கண்டிப்பானது. ஆட்சியாளரின் நாட்காட்டியோ? 2023 மார்ச் 9ஆம் நாள் நடைபெற வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் நடைபெறவில்லை. அம்மாதத்திலேயே சபைகளின் பதவிக்காலம் முடிவுற்றது. 2025 மே 6ஆம் நாள் தேர்தல் நடக்கும்வரை, இரண்டாண்டுகளுக்கு மேலாகப் பிரதேச சபைகளின் அதிகாரம் செயலாளர்களிடம் இருந்தது. தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறலென 2024 ஆகஸ்ட் 22ஆம் நாள் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்காலத்தில் வரி மட்டும் விடுமுறை எடுத்துக்கொள்ளவில்லை. கேள்வி கேட்க உறுப்பினர் இல்லாத சபைக்குக் கேள்வியின்றி வரி செலுத்தியவர்களையா பொறுப்பற்றவர்கள் என்பது?

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்காவில் சிக்காகோ நகரை உள்ளடக்கிய குக் மாவட்டத்தின் மதிப்பீடுகளை 2017இல் 'சிக்காகோ ட்ரிபியூன்' ஆராய்ந்து வெளியிட்டது. ஏழைகளின் வீடுகள் அவற்றின் உண்மை விலையோடு ஒப்பிடுகையில் மிகையாகவும், செல்வரின் வீடுகள் குறைவாகவும் மதிக்கப்பட்டிருந்தன. முறையீட்டு வழியும் வசதியுள்ளோருக்கே பெரிதும் பயன்பட்டது. ஆனால் அங்கே மதிப்பீட்டாளர் மக்களால் தெரிவு செய்யப்படுபவர். 2018 மார்ச்சில் நடந்த கட்சியின் முதனிலைத் தேர்தலில் மக்கள் அவரைத் தோற்கடித்தனர். அவருக்குப் பின் வந்தவர் கணிப்பு முறையைப் பொதுவெளியில் வைத்தார். அண்டை நாட்டிலே, பெங்களூர் மாநகராட்சி 2000இல் வட்டாரத்துக்கும் கட்டட வகைக்கும் ஏற்பச் சதுர அடி வீதங்களை வெளியிட்டு, உரிமையாளரே தம் வரியைக் கணித்துச் செலுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது. வருமானம் குறையவில்லை, கூடியது. முறையை வெளியிட்டால் கருவூலம் வற்றிவிடும் என அஞ்சுவோருக்கு இதுவே விடை.

தமிழர் வரலாறும் இதனை அறியாததன்று. யானை புக்க வயலைக் காட்டிப் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு அறிவுரை கூறிய பிசிராந்தையாரை மேடைதோறும் நினைவுகூர்கின்றோம். அது எவ்வளவு கொள்வது என்பது பற்றிய அறிவுரை. கொண்டவர் கணக்குக் காட்ட வேண்டும் என்பதைப் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் வாரியத்துக்குத் தெரிவாக இயலாது என்பது பத்தாம் நூற்றாண்டின் விதி. அச்சபை பிராமணருக்கு மட்டும் உரிய சபை என்பதை நாம் மறக்கவில்லை. குறுகிய அந்த வட்டத்துக்குள்ளேனும் இருந்த பொறுப்புடைமை, அனைவருக்கும் வாக்குரிமையுள்ள இக்காலத்தில் இல்லாதிருப்பது வெட்கக்கேடன்றோ?

அதிகாரிகளைச் சாடும் நாம் மறுபக்கத்தாரையும் விட்டுவிட இயலாது. "சோலைவரி கட்டாதீர்கள்" என முழங்கிக் கைதட்டல் பெறும் அரசியல்வாதி, மக்களின் கோபத்தை வாக்காக மாற்றிக்கொள்கின்றாரேயன்றி ஒரு வீட்டின் மதிப்பையேனும் திருத்தித் தருவதில்லை. சொந்த வருமானம் இல்லாத சபை, தெருவிளக்குக்கும் வடிகாலுக்கும் மத்திய அரசையும் மாகாணத்தையும் எதிர்நோக்கி நிற்க வேண்டும். கையேந்தும் சபையிடம் தன்னாட்சியை எதிர்பார்ப்பது பேதைமை. வரி வேண்டும், அது நீதியான வரியாக வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.

அதற்குச் செய்யவேண்டுவன அரியவை அல்ல. ஒவ்வொரு வட்டாரத்தின் மதிப்பீட்டுப் பட்டியலும், கணித்த முறையும் தமிழில், எளிய நடையில், பொதுநோக்கு மண்டபத்திலும் நூலகத்திலும் தொங்கவேண்டும். ஆட்சேபங்களை விசாரிப்போர் ஊருக்கு வரவேண்டும். ஒருநாட் கூலியை இழந்து மக்கள் அலுவலகத்துக்கு அலையலாகாது. வரியாகச் சேர்ந்த தொகையும் அதனால் நடந்த வேலையும் ஆண்டுதோறும் வட்டாரவாரியாக வெளியிடப்பட வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் இன்றே சபையிடம் இவற்றைக் கேட்கலாம். பல்கலைக்கழகத்திற் பயிலும் நாம் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, விண்ணப்பம் எழுதத் தயங்குவோருக்கு அதனை எழுதிக் கொடுப்பது எமது கல்வியால் ஊருக்கு ஆகும் சிறு பயன்.

நம்பிக்கை கட்டளையிட்டுப் பெறும் பொருளன்று. கணக்குக் காட்டிப் பெறுவது. மக்களிடம் பற்றுச்சீட்டுக்குப் பணம் கேட்கும் சபை, தன் மதிப்பீட்டுக்குக் காரணம் சொல்லட்டும். காரணம் சொன்ன பின்னும் வரி கொடாதவர் உளராயின், அப்பொழுது பேசுவோம் மக்களின் பொறுப்புணர்ச்சியைப் பற்றி.