இன்னும் ஒரு பட்டை

நாமக்கல்லிலிருந்து சேலம் செல்லும் சாலையோரப் பட்டறைகளில் லாரிகளின் கமான் பட்டைகள் அடுக்கடுக்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்போம். ஆங்கிலேயர் இதனை இலை என்று அழைக்க, நம் தொழிலாளர்கள் பட்டை என்கிறார்கள். பல பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே சென்டர் போல்ட்டால் கோத்து, யு போல்ட்டால் அச்சோடு இறுக்கினால் அது 'கட்டு'. இலக்கியம் பேசும் இடத்தில் லாரியின் பின்சக்கரத்துக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நாம் உண்ணும் அரிசியும் நாம் வாங்கும் புத்தகமும் இந்தக் கட்டின் மீதேறித்தான் நம்மிடம் வந்து சேர்கின்றன என்பதே நமது பதில்.

அப்படியொரு பட்டறையில் முதிய தொழிலாளர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தோம். "பட்டை சேர்க்கச் சொல்லித்தானுங்க வாராங்க. எடுக்கச் சொல்லி இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்லீங்க" என்றார். நமது தொழில்நுட்பச் சிந்தனையின் வறுமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது என்று தோன்றியது. பின்புறத் தாங்கமைப்பை மேம்படுத்துவது என்றால் இன்னும் ஒரு பட்டையைச் செருகுவது என்றே நாம் பொருள் கொண்டிருக்கிறோம். இப்புரிதல் பிழையானது என்பதே நமது கருத்து.

வில்லின் வேலை பாரத்தைத் தூக்கி நிறுத்துவது மட்டுமன்று, வளைந்து கொடுப்பதுமாகும். ஒரே தடிமனுள்ள பத்துப் பட்டைகளோடு மேலும் இரண்டைச் சேர்த்தால் கட்டின் விறைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். தடித்த பட்டையைச் சேர்த்தால் நிலைமை இன்னும் கடுமை. ஒரு பட்டையின் தடிமன் இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். சரக்கு ஏற்றிய நிலையில் இது நன்மையாகத் தெரியும். வண்டி பின்பக்கம் அமுங்காமல் நிமிர்ந்து நிற்கும். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. வில்லின் விறைப்பு மாறாதிருக்க அதன் மேலுள்ள எடை நான்கில் ஒன்றாகக் குறைந்தால் அதிர்வெண் இரு மடங்காகிறது. வெற்று லாரி பள்ளங்களில் குதிப்பது இதனால்தான். குதிக்கும் டயர் சாலையைப் பற்றுவதில்லை. பற்றாத டயருக்குப் பிரேக் இருந்தும் பயனில்லை.

இன்னொரு தீங்கும் உண்டு. சில லாரிகளில் சட்டத்துக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள உயரத்தை வைத்தே பின்சக்கரங்களுக்கு எவ்வளவு பிரேக் அழுத்தம் தேவை என்பதை ஒரு வால்வு தீர்மானிக்கிறது. கட்டு விறைத்து, வண்டி அமுங்க மறுக்கும்போது, வண்டியில் பாரம் குறைவு என்று அந்த வால்வு கணக்கிட்டுவிடும். நிறைசுமையோடு மலையிறங்கும் லாரிக்கு இது எத்தகைய கணக்குப் பிழை என்பதை விளக்க வேண்டியதில்லை. வில் வாங்காத அதிர்ச்சி சேஸிஸுக்குச் செல்கிறது. கட்டைத் தாங்கும் பிராக்கெட்டுகளை ஒட்டி விரிசல் விழுகிறது. எஞ்சியது ஓட்டுநரின் முதுகெலும்புக்குப் போகிறது.

சாலைக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையிலிருந்து ஒரு விதி பெறப்பட்டது: சாலைக்கு நேரும் சேதம் அச்சுப் பளுவின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். இந்தியாவில் 2018-இல், நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சின் பளு வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. கூடியது எட்டில் ஒரு பங்குதான். அந்த விதிப்படி சேதமோ ஒன்றரை மடங்குக்கும் மேல். செருகப்படும் பட்டை, சட்டம் அனுமதித்ததற்கும் அப்பாலுள்ள சுமைக்கான அழைப்பிதழாகிவிடுகிறது.

மாற்று என்ன? முதலில் இருப்பதைப் பேணுவது. முறிந்த பட்டையை மாற்றுவது, அதைக் கேஸ் வெல்டிங்கால் ஒட்டி எஃகின் பதத்தைக் கெடுக்காமலிருப்பது, தேய்ந்த புஷ்களை நீக்குவது, ஷேக்கிள் பின்களுக்குக் கிரீஸ் இடுவது, யு போல்ட்டுகளைச் சுமையேற்றி ஓட்டிய பிறகு மீண்டும் இறுக்குவது. இவை செலவு குறைந்த, ஆனால் பெருமை தராத வேலைகள். அடுத்தது துணைக் கட்டு. சுமை ஏறிய பின்னரே இது செயலுக்கு வருவதால், வெறுமையில் மென்மையும் நிறைவில் உறுதியும் கிடைக்கின்றன. நடுவில் தடித்து ஓரங்களில் மெலியும் பரவளையப் பட்டைகள் மூன்றாவது வழி. குறைந்த பட்டைகளே போதும். எடையும் உராய்வும் குறையும். உராய்வு குறைவதால் அதிர்வை அடக்க ஷாக் அப்சார்பர் கட்டாயம் வேண்டும். நமது பல கனரக லாரிகளின் பின்புறத்தில் அது இருப்பதே இல்லை.

எல்லாவற்றிலும் மேலானது காற்றுப் பை. சுமைக்கேற்ப அழுத்தம் மாறுவதால் வண்டியின் உயரமும் ஆட்டத்தின் இயல்பும் பெரிதும் மாறுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1996-ஆம் ஆண்டு நெறிமுறை, இரட்டை டயரும் காற்றுத் தாங்கமைப்போ அதற்கு நிகரானதோ கொண்ட இணையச்சுகளுக்கு 18 டன்னுக்குப் பதில் 19 டன் அனுமதித்தது. சாலையை வருத்தாதவனுக்குக் கூடுதலாக ஒரு டன் என்ற இந்தப் பேரத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பட்டைக்கும் ஒரு பெருமை உண்டு என்பதை மறுக்கலாகாது. அது வில்லாகவும் இருந்து, அச்சைத் தன் இடத்தில் பிடித்தும் வைக்கிறது. காற்றுப் பைக்கு அதற்கெனத் தனித் தண்டுகள் வேண்டும். வால்வும் குழாயும் வேண்டும். அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த கை வழியெங்கும் வேண்டும். ஆகவே எல்லா லாரிகளுக்கும் நாளையே காற்றுப் பை என்று நாம் கோரவில்லை.

நாம் கோருவது அளவுகோலின் மாற்றத்தை. இந்தியாவில் 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் கட்டாயமாகியுள்ளது. ஓட்டுநரின் உடல் வெப்பத்தை உணரும் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அதே உடல் அதிர்வையும் உணரும். ஐரோப்பாவில் 2002-ஆம் ஆண்டு நெறிமுறையே தொழிலாளியின் உடல் தாங்கவேண்டிய அதிர்வுக்கு நாளொன்றுக்கான வரம்பை விதித்தது. நம்மிடையே எத்தனை டன் தாங்கும் என்பது முதல் கேள்வி; அதில் அமர்ந்திருப்பவர் எத்தனை ஆண்டு தாங்குவார் என்பது கேட்கப்படாத கேள்வி.

அந்தப் பட்டறைக்கு லாரி உரிமையாளர் ஒருவர் வந்து, "இதுல ரெண்டு பட்டையை எடுத்துடுங்க" என்று சொல்லும் நாளை நாம் எதிர்பார்க்கிறோம். அந்த முதியவர் அன்று சற்றுத் திகைத்துப் போவார். பிறகு ஸ்பேனரை எடுப்பார் என்றே நம்புகிறோம்.