ஏடு நொறுங்குமுன்

சென்ற மாதம் ஓரிரவு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம். மேசையருகே "டிக், டிக்" என்றோர் ஓசை எழுந்தது. அடுக்களையிலிருந்த இல்லாள், "பல்லி சொல்லுது, என்ன பலனோ தெரியேல்லை" என்றார். சுவரை அண்ணாந்து நோக்கினோம். பல்லியைக் காணோம். ஓசை எமது கணினியின் வயிற்றிலிருந்து வந்தது.

ஏழாண்டுகள் எமக்கு உழைத்த கணினி அது. சில வாரங்களாகவே சோர்வுற்றிருந்தது. ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால், நாம் தேநீர் குடித்து முடிக்கும்வரை சிந்திக்கும். முதுமையென எண்ணி வாளாவிருந்தோம், நோயென்று அறிந்தோமில்லை.

அதனுள் இருந்தவை யாவை? பல்லாண்டு வினாத்தாள்கள், மாணவர் புள்ளிகளைக் கணிக்கும் மென்பொருளொன்று (அதன் நிறுவல் தட்டு எப்போதோ தொலைந்துவிட்டது), உயர்தர வகுப்பிற் பயிலும் மகளின் செயற்றிட்ட அறிக்கை, யாவற்றுக்கும் மேலாக, காலஞ்சென்ற எம் தாயாரின் குரலடங்கிய இரண்டு ஒலிப்பதிவுகள்.

மறுநாட் காலை, எம்மிடம் பயின்று இப்பொழுது கணினி திருத்தும் கடை நடத்தும் இளைஞரிடம் அதனைக் கொண்டு சென்றோம்.

"சேர், எத்தனை தரம் போட்டுப் பார்த்தனீங்கள்?"

"நாலைந்து முறை."

"இனிப் போடாதையுங்கோ. ஒவ்வொரு தரம் போடேக்கையும் கொஞ்சங் கொஞ்சமாய்ச் செத்துக்கொண்டிருக்கு."

இச்சொற்களைக் கேட்டதும் எமக்குச் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) நினைவுக்கு வந்தார். கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய அப்பெரியார், பழைய ஏடுகள் தொடுந்தோறும் ஒடிந்து உதிர்ந்த அவலத்தைத் தம் பதிப்புரையிற் கூறி வருந்தியுள்ளார். நோயுற்ற வன்தட்டும் அத்தகைய ஏடே. அதனைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பது பேதைமை. குறைவாகத் தொட்டு விரைவாகப் பெயர்த்தெழுதுவதே அறிவுடைமை.

வன்தட்டினுள் காந்தப் பூச்சுடைய வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. வாசிக்கும் முனை அவற்றைத் தொடாமல், தலைமயிரின் தடிப்பிற் பல்லாயிரத்தில் ஒரு பங்கே உள்ள இடைவெளியில் மிதந்து செல்கின்றது. தான் தேடும் இடத்தைக் காணாது அம்முனை மீண்டும் மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்பும் ஓசையையே நாம் பல்லியென மயங்கினோம். இத்தகைய தட்டின் மூடியை வீட்டில் ஒருபோதும் திறத்தலாகாது. ஒரு தூசியே அதனைக் கெடுக்கப் போதும்.

அவ்விளைஞர் செய்த முறையை வாசகர் பயன்கருதி இங்கே தருகின்றோம்.

முதலில், தட்டைப் "பழுது பார்க்கும்" கருவிகளை அவர் ஓடவிடவில்லை. அவை மெலிந்த தட்டை மணிக்கணக்கில் வருத்துவன. எம் கணினியினின்று தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தார். மீண்டும் பெறமுடியாத ஒலிப்பதிவுகள், அறிக்கை, வினாத்தாள்கள் ஆகியவற்றை முதலில் எடுக்க முயன்றார். மென்பொருளை எங்கேனும் தேடிப் பெறலாம். தாயின் குரலை எங்கே பெறுவது?

அடுத்து, முழுத் தட்டையும் அப்படியே புதிய தட்டுக்குப் பெயர்த்தார். மென்பொருள் இருக்கும் கோப்புறையை மட்டும் பிரதி செய்தால் ஆகாதோவென வினவினோம். ஆகாதென்றார். வாழையை இலையோடு வெட்டி நட்டால் தழைக்குமா? கிழங்கோடன்றோ பெயர்த்தல் வேண்டும்! மென்பொருளும் அவ்வாறே இயக்க முறைமையின் பதிவேட்டிலும் மறைவான பல இடங்களிலும் வேரூன்றி நிற்பது. ஆதலின் தட்டு முழுவதையும் பெயர்த்தால் மட்டுமே அது பழையபடி இயங்கும்.

நலமுள்ள தட்டாயின் குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருள் இதனைச் செய்துவிடும். எமது தட்டு நலமற்றதாகையால் அவர் டிடிரெஸ்கியூ என்பதனைக் கையாண்டார். அது எளிதில் வாசிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்து, இடறும் இடங்களைக் குறித்துவைத்து, அவற்றைப் பின்னர் நிதானமாக நாடுகின்றது. நல்ல மாணவன் பரீட்சையில் வினாக்களை அணுகும் முறையும் இதுவன்றோ!

புதிய தட்டு பழையதினும் சிறிதாயிருத்தலாகாது. எது பழையது, எது புதியது என்பதை அளவையும் பெயரையும் இருமுறை ஒப்பிட்டுத் தெளிந்த பின்னரே பணியைத் தொடங்கல் வேண்டும். திசை மாறினால் வெறுந்தட்டு நிறைதட்டின்மேற் படியும். பின் அழுது பயனில்லை. தட்டு பூட்டு மொழியால் மறைக்கப்பட்டிருப்பின், மீட்புத் திறவுகோலை முன்னரே எழுதி வைத்துக்கொள்ளல் நன்று. முதன்முறை இயக்கும்போது பழைய தட்டை இணைக்காது விடுவதும் அவசியம்.

இரண்டு நாள்களின் பின் கணினி வீடு திரும்பிற்று. புள்ளிக் கணிப்பு மென்பொருள் ஒன்றும் நிகழாததுபோல் திறந்தது. மகளின் அறிக்கை முழுமையாயிருந்தது. தாயாரின் ஒலிப்பதிவுகளில் ஒன்றோ பாதியில் அறுந்தது. ஆயின் அதனை முன்னொருகால் கனடாவிலுள்ள தம்பிக்கு அனுப்பியிருந்தோம். அன்றிரவே அவர் அதனைத் திருப்பி அனுப்பினார். மற்றையது எவரிடமும் இல்லை. கோப்பின் பெயர் மட்டும் புதிய தட்டில் இருக்கின்றது, குரல் இல்லை. அப்பெயரை அழிக்க இன்னும் எமக்கு மனம் வரவில்லை.

புதிய தட்டு எஸ்.எஸ்.டி. வகையைச் சேர்ந்தது, சுழலும் தகடில்லை, ஓசையுமில்லை. நன்மையென மகிழ்ந்தோம். "சேர், இது சாகேக்கை சத்தமும் போடாது" என்றார் இளைஞர். அன்று தொடக்கம் ஞாயிறுதோறும் எமது கோப்புகளை வேறொரு தட்டிற் பெயர்த்து, மாதமொருமுறை தம்பிக்கும் ஒரு பிரதி அனுப்பி வருகின்றோம்.

எம் முன்னோர் ஓலையை அழியாததாக ஆக்கினாரல்லர். அழியுமுன் அதனைப் பெயர்த்தெழுதினர். அதனாலன்றோ நூல்கள் நம் கைக்கு வந்தன. இதனை வாசிக்கும் அன்பர்களே, உங்கள் வீட்டில் ஒரேயொரு பிரதியாக இருப்பது யாது? பல்லி சொல்லும்வரை காத்திராதீர்கள்.