டைல்ஸ் வெட்ட தண்ணி ஊத்துங்கப்பா!

வீடு கட்டற பதிவர்களுக்கும், கட்டப்போற பதிவர்களுக்கும், பெங்களூர்ல உக்காந்துகிட்டு ஃபோன்லயே அப்பா மூலமா வீடு கட்டிக்கிட்டு இருக்கிற என் இனத்து மக்களுக்கும் வணக்கம். இன்னிக்கு அரசியல் இல்ல, சினிமா இல்ல. டைல்ஸ் வெட்டற மெஷின். ஓடிடாதீங்க, விஷயம் இருக்கு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். டைல்ஸைத் தண்ணி விட்டுத்தான் வெட்டணும். அதுக்கு ஆகிற மெஷின் செலவையும் நேரத்தையும் வீட்டுக்காரர் கொடுக்கணும். மேஸ்திரி தலையில கட்டக்கூடாது. அவ்ளோதான். மீதி எல்லாம் ஏன், எப்படிங்கிற விளக்கம்.

எங்க பக்கம் அமிர்தி தெரியும்ல? வேலூர்ல இருந்து சுமார் 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலை அடிவாரம், காடு, அருவி, வன உயிரியல் பூங்கா. ஞாயித்துக்கிழமை ஆனா வேலூர், ஆம்பூர் ஜனம் நல்ல காத்து வாங்க வண்டி கட்டிக்கிட்டு வரும். அந்த ரோட்டுலயே புது வீடு ஏதாவது ஒண்ணுல டைல்ஸ் வேலை நடக்கும்போது எட்டிப் பாருங்க. உள்ள ஆள் தெரியாது. வெள்ளைப் புகை. நடுவுல ஒருத்தர் குத்துக்கால் போட்டு, மூஞ்சில துண்டைக் கட்டிக்கிட்டு, கால் கட்டை விரலால டைல்ஸை அமுக்கிப் பிடிச்சு மார்பிள் கட்டரை ஓட்டிக்கிட்டு இருப்பார். அருவி இருக்கிற ஊர்லயும் பிளேடுக்கு மட்டும் ஒரு சொட்டு தண்ணி கிடையாது. இது அமிர்தி கதை மட்டும் இல்ல, தமிழ்நாட்டுல எங்க போனாலும் இதே காட்சிதான்.

"தூசிதானே, குளிச்சா போயிடும்"னு நினைக்கிறவங்களுக்காக ஒரு சின்ன கணக்கு. (இஞ்சினியரிங் படிச்சதுக்கு இதுக்காவது உதவட்டும்.)

2 அடி டைல்ஸ் ஒண்ணை நேரா ஒரு வெட்டு வெட்டறோம். நீளம் 60 செ.மீ., கனம் 9 மி.மீ., பிளேடு போற தடம் 2 மி.மீ.னு வச்சுக்குவோம். கிட்டத்தட்ட 11 கன செ.மீ. டைல்ஸ் பொடியாகுது. எடையில 25 கிராமுக்கு மேல. ஒரு வீட்டுக்கு இந்த மாதிரி 100 வெட்டுன்னா இரண்டரை கிலோ பொடி. நாலு சுவத்துக்குள்ள.

விட்ரிஃபைட் டைல்ஸ்ங்கிறது களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் சேர்த்து சுட்டது. குவார்ட்ஸ்தான் படிக சிலிக்கா. அந்தப் பொடியில ரொம்ப நுணுக்கமான பகுதி, அதாவது 4 மைக்ரானும் அதுக்குக் கீழயும் இருக்கிறது, நுரையீரலோட கடைசி அறை வரைக்கும் போகும். தலைமுடி கனம் சுமார் 70 மைக்ரான்னு நினைச்சுக்குங்க. கண்ணுக்குத் தெரியிற புகையை விட தெரியாததுதான் வில்லன். அமெரிக்காவுல 2016-ல கொண்டு வந்த விதிப்படி 8 மணி நேர வேலைக்கு சராசரியா ஒரு கன மீட்டர் காத்துல 50 மைக்ரோகிராம் சிலிக்கா வரைக்கும்தான் அனுமதி. கிராம்ல பத்து லட்சத்துல ஒரு பங்குதான் மைக்ரோகிராம். நாம ஒரு வெட்டுக்கு 25 கிராம் பொடி பண்றோம். அதுல ரொம்பக் கொஞ்சம்தான் நுரையீரலுக்குப் போற அளவு நுணுக்கம்னாலும், அந்தக் கொஞ்சமே அதிகம்.

இதனால வர்றது சிலிக்கோசிஸ். நுரையீரல் தழும்பு தழும்பா இறுகிப் போற வியாதி. குணப்படுத்த மருந்து கிடையாது. பெரும்பாலும் பத்து வருஷம், அதுக்கும் மேல கழிச்சுத்தான் தெரிய வரும். காசநோய் வர்ற வாய்ப்பையும் கூட்டிடும். சிலிக்கா தூசி மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லயே முதல் பட்டியல்ல சேர்த்தாச்சு. மத்தியப் பிரதேசம் மந்த்சௌர்ல சிலேட்டுக் குச்சி செஞ்சவங்க, குஜராத் கம்பாத்துல அகேட் கல் பட்டை தீட்டினவங்க எல்லாம் இதுலதான் போனாங்க. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1-லேர்ந்து சமையல் மேடைக்குப் போடற செயற்கை குவார்ட்ஸ் கல்லையே தடை பண்ணிடுச்சு. காரணம், அதை வெட்டின சின்ன வயசுப் பசங்களோட நுரையீரல்.

மூஞ்சில கட்டற துண்டு? கொரோனா நமக்கு எடுத்த பாடத்துல இது பாஸ் பண்ணியிருக்கணும். துணியோட ஓட்டை பெருசு, தூசி சிறுசு.

சரி, என்ன மெஷின் வாங்கறது? நான் பார்த்து, கேட்டு, படிச்சதை வச்சு சொல்றேன்.

1. கையால கீறி உடைக்கிற டைல் கட்டர். தண்டவாளம் மாதிரி ரெண்டு கம்பி, நடுவுல சின்ன சக்கரம். கீறு, அமுக்கு, டக். கரண்ட் வேணாம், தண்ணி வேணாம், தூசி கிட்டத்தட்ட இல்ல. நேர் வெட்டு எல்லாத்துக்கும் இதுதான் ராஜா. 2-க்கு 4 டைல்ஸ் போடறவங்க 4 அடி நீள கட்டரா வாங்கணும். வீட்டுல பெரும்பாலான வெட்டு நேர் வெட்டுதான், அதனால பாதிக்கு மேல பிரச்னை இதுலயே முடிஞ்சிடும். ஆனா ‘எல்’ வெட்டு, குழாய்க்கு ஓட்டை, ஓரத்துல விரல் அகலத்துக்கு சீவறது இதெல்லாம் ஆகாது.

2. டேபிள் மெஷின். கீழ தொட்டி, அதுல தண்ணி, பிளேடு சுத்தும்போதே நனைஞ்சுகிட்டே இருக்கும். இல்லேன்னா சின்ன பம்ப் தண்ணியை மேல ஊத்தும். 7 இன்ச் பிளேடு, நிமிஷத்துக்கு 3000 சுத்து கிட்ட. பிளேடு ஓரத்தோட வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். கை கட்டர் 4 இன்ச் பிளேடு 12000 சுத்து சுத்துறப்போ 230 கிலோமீட்டர்! எது நிதானமா வெட்டும்னு நீங்களே பாருங்க. வாங்கும்போது பவரை மட்டும் பார்க்காதீங்க. மேசை உங்க டைல்ஸைத் தாங்குமா, வேலி மாதிரி இருக்கிற கைடு ஆடாம நிக்குதா, தொட்டியைக் கழட்டிக் கழுவ முடியுதா, இந்த மூணும் முக்கியம். விலை கொஞ்சம் அதிகம்தான். ஒரு வீட்டுக்காக நீங்க வாங்க வேணாம். நாலு வீடு வேலை பார்க்கிற மேஸ்திரிக்கு வாங்கிக் கொடுத்துக் கூலியில கழிச்சுக்கலாம்.

3. இருக்கிற மார்பிள் கட்டரே. பல மாடல்ல தண்ணி வர ஒரு நாஸிலும் டியூபும் பெட்டியிலேயே வருது. பெட்டியோடவே பரண்ல தூங்குது. அதை மாட்டினா போதும். டியூப் இல்லாட்டி சித்தாள் ஒருத்தர் தள்ளி நின்னு சின்ன பாட்டில்ல இருந்து வெட்டற கோட்டுல விட்டுக்கிட்டே இருக்கலாம். ஆங்கிள் கிரைண்டர்ல மட்டும் தண்ணி விடாதீங்க, அது அதுக்குச் செஞ்சது இல்ல.

பிளேடு: பல்லு பல்லா இடைவெளி விட்டது கான்கிரீட்டுக்கும் கிரானைட்டுக்கும். டைல்ஸுக்கு ஓரம் முழுசா இருக்கிற தண்ணி பிளேடு. வைரத்துகள் தேய்ச்சுத்தான் அறுக்குது, பல்லு வச்சுக் கடிக்கல. அதனால அழுத்தக்கூடாது, போற வேகத்துல விடணும். மழுங்கின மாதிரி தெரிஞ்சா ஒரு செங்கல்லுல நாலு வெட்டு வெட்டுங்க, புது வைரம் வெளிய வரும். டேபிள் மெஷின்ல பளபளப்பு பக்கம் மேல இருக்கணும். ‘எல்’ வெட்டுக்கு மூலையில முதல்ல சின்ன ஓட்டை போட்டுக்கிட்டா அங்கிருந்து விரிசல் ஓடாது.

இப்ப மேஸ்திரிங்க சொல்ற காரணங்களுக்கு வர்றேன். எல்லாமே நியாயமானதுதான், அதனாலதான் பதில் சொல்லணும்.

"தண்ணி பட்டா மார்க் அழிஞ்சிடும் தம்பி." கண்ணாடியில எழுதற மெழுகு பென்சில் இருக்கு. இல்லேன்னா டேப் ஒட்டி அது மேல கோடு போடலாம். ஓரம் சிதர்றதும் குறையும்.

"ஷாக் அடிக்கும்." இது உண்மையான பயம். எர்த் இல்லாத தற்காலிக லைன், ஒட்டுப் போட்ட ஒயர், தரையில தண்ணி. பதில், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. எப்படியும் வீட்டுக்கு வாங்கத்தான் போறீங்க, வேலை ஆரம்பிக்கும்போதே மாட்டிடுங்க. பிளக் தரையில கிடக்கக்கூடாது. இது இல்லாம தண்ணி கட்டிங் கேக்காதீங்க.

"சேறு ஆகுது." ஆகும். அந்த சேத்தை வாளியில ஒரு ராத்திரி தெளிய விட்டா மேல தண்ணியைத் திரும்ப உபயோகிக்கலாம், அடியில இருக்கிறது கட்டட இடிபாட்டோட போகட்டும். சாக்கடையில ஊத்தினா அடைக்கும். காய விட்டுப் பெருக்கினா மறுபடி தூசிதான். ஈரத்தோட வழிச்சுடணும்.

"லேட் ஆகும்." இங்கதான் மொத்த விஷயமும் இருக்கு. டைல்ஸ் கூலி சதுர அடி கணக்கு. எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறாரோ அவ்வளவு லாபம். தண்ணி, சேறு, ஒயர், டேப்புன்னு போற ஒவ்வொரு நிமிஷமும் அவர் பாக்கெட்டுல இருந்து போகுது. நம்ம ஆபீஸ்ல ஃபிக்ஸட் பிட் ப்ராஜெக்ட்ல டெஸ்டிங்குக்கு நேரம் தராம விட்டுட்டு, பக் வந்தா டெவலப்பரைத் திட்டுவாங்களே, அதே கதை. "அவங்களுக்கே அக்கறை இல்லைங்க, சொன்னா கேக்க மாட்டாங்க"ன்னு சொல்றது சுலபம். காசு கொடுக்கிற முறையே மூச்சை வித்துத்தான் கூலி வாங்கணும்னு இருந்தா அக்கறை எங்கிருந்து வரும்?

அதனால கூலி பேசும்போதே தண்ணி கட்டிங்குக்குத் தனியா சதுர அடிக்கு மூணு ரூபா சேர்த்துப் பேசுங்க. 1000 சதுர அடிக்கு 3000 ரூபா. அதோட ரெண்டு பெட்டி என்95 மாஸ்க். வாசல் கதவு டிசைனுக்கு நாம செலவு பண்றதுல கால்வாசி கூட வராது. கூட்டிக் கொடுத்துட்டு, நடக்குதான்னு போய்ப் பாருங்க. ஃபோன் மூலமா கட்டறவங்க டைல்ஸ் கலர் பார்க்க வீடியோ கால் போடும்போது கட்டரையும் ஒரு தடவை காட்டச் சொல்லுங்க.

எங்க தோல் பதனிடற பூமிக்கு இந்த நியாயம் புதுசு இல்ல. பாலாறு நாசமானதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996 ஆகஸ்ட் 28-ல சுப்ரீம் கோர்ட் சொன்னதுல முக்கியமானது, மாசு பண்றவனே அதுக்கான செலவைச் சுமக்கணும்ங்கிறது. இன்னிக்கு வரைக்கும் நாடு பூரா சுற்றுச்சூழல் வழக்குகள்ல அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டறாங்க. தோல் கம்பெனி முதலாளியைத் திட்டும்போது நமக்கு அந்த நியாயம் நல்லா புரியுது. நம்ம ஹால் தரை பளபளன்னு இருக்க இன்னொருத்தர் நுரையீரல்ல கழிவைக் கொட்டறப்போ முதலாளி நாமதான். மூணு ரூபாவுல முடியிற விஷயம்.

உங்க ஊர்ல டைல்ஸ் கூலி எப்படிப் பேசறாங்க? தண்ணி விட்டு வெட்டற மேஸ்திரி யாராவது இருக்காங்களா? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.

டிஸ்கி: எந்த மெஷின் கம்பெனியும் எனக்குக் காசு தரல. தந்தா அதுவும் மேஸ்திரிக்குத்தான் :-)