இரும்புக்கைக்குப் பின்னால் ஒரு மனிதக் கை

போன மாதம் பாடாங் மேஹாவுக்குப் போயிருந்தேன். பெரியண்ணன் வீட்டில் கூரை மாற்றும் வேலை. சாமான்களை ஒதுக்கும்போது பழைய அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு நோட்டு விழுந்தது. பள்ளிக்கூடத்துக் கணக்கு நோட்டு, கட்டம் போட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே கணக்கே இல்லை. பக்கத்துக்குப் பக்கம் இரும்புக்கை மாயாவி.

ஐம்பதைத் தாண்டிய வாசகர்களுக்கு மாயாவியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். கதாநாயகன் லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளர். வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். கெட்டவனாகத் தொடங்கி, பிறகு நல்லவர்கள் பக்கம் சேர்ந்து உளவாளியாகிவிடுவார்.

எங்கள் தோட்டத்தில் அந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் குறைவு. பாடாங் செராயில் முடிவெட்டும் கடை பெஞ்சில் இரண்டு மூன்று கிடக்கும். எங்கள் முறை வந்தாலும், "நீங்க போங்கண்ணே" என்று அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்து, கதையை முடித்த பிறகுதான் தலையைக் கொடுப்போம். அண்ணன் மட்டும் கடைக்காரரிடம் கெஞ்சி ஒரு புத்தகத்தை இரவல் வாங்கி வருவார். லயத்து வாசலில் உட்கார்ந்து, ஈர்க்குச்சியின் நுனியைக் கடித்துத் தூரிகையாக்கி, பேனா மையில் தொட்டு வரைவார். அப்போது அவருக்கு 14 வயது இருக்கும்.

நோட்டை அவரிடம் நீட்டினேன். "அண்ணே, இவ்வளவு நல்லா வரைஞ்சிட்டு ஏன் விட்டுட்டீங்க?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இதெல்லாம் சீமையில மெசின்ல அடிக்கிறாங்கன்னுல நெனைச்சேன்? ஒரு ஆளு உக்காந்து கையால வரைஞ்சதுன்னு யாரு சொன்னா? மூணாம் படிவம் முடிச்சதும் அம்மாகூட பால்மரம் வெட்டப் போயிட்டேன். அதோட சரி" என்றார்.

அந்தப் பதில் என்னைக் குத்தியது. புத்தகத்தில் மாயாவியின் பெயர் இருந்தது, வில்லன்களின் பெயர் இருந்தது. வரைந்தவர் பெயர் இல்லை. சிவகாசிக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கதை முதலில் வந்தது 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில், 1962 அக்டோபரில். அக்காலத்து பிரிட்டிஷ் சிறுவர் இதழ்களிலேயே ஓவியர் பெயரைப் பெரும்பாலும் அச்சிடமாட்டார்கள்.

அன்றிரவு அண்ணனுக்கு அந்தப் பெயரைச் சொன்னேன். ஹெசூஸ் பிளாஸ்கோ. ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் 1919-இல் பிறந்தவர். பதின்ம வயதிலேயே, 1935 வாக்கில், பத்திரிகைகளில் வரையத் தொடங்கிவிட்டார். 'கூட்டோ' என்ற சிறுவனை நாயகனாக்கி அவர் வரைந்த கதைகள் ஸ்பெயினில் ஒரு தலைமுறையையே கவர்ந்தன. அவருடைய தம்பிகளும் தங்கையும்கூடச் சித்திரக்கதை ஓவியர்கள்தான். வேலை குவிந்தபோது தம்பிகளும் அவருடன் சேர்ந்து வரைந்தார்கள். மாயாவி கதைகளில் பெரும்பாலானவை பிளாஸ்கோ வரைந்தவை. 1995-இல் காலமானார்.

அவரும் வானத்திலிருந்து குதித்தவர் அல்ல. அலெக்ஸ் ரேமண்ட், மில்டன் கேனிஃப் போன்ற அமெரிக்க ஓவியர்களின் பத்திரிகைச் சித்திரங்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றவர். கேனிஃப்பின் பக்கங்களில் கறுப்பு மை எப்படி வேலை செய்கிறது என்று பார்சிலோனாவில் ஒருவர் கவனித்தார். அவருடைய பக்கங்களில் அதே கறுப்பை பாடாங் மேஹாவில் ஒரு பையன் கவனித்தான். நடுவே இருந்த கடலைத் தவிர இருவர் செய்ததும் ஒன்றுதான்.

பிளாஸ்கோவிடம் கற்க என்ன இருக்கிறது? அண்ணன் நோட்டை வைத்துக்கொண்டே மூன்று விஷயங்களைப் பார்த்தோம்.

முதலாவது, கறுப்பு. பிளாஸ்கோ நிழலைக் கோடு கோடாகக் கிறுக்குவதைவிட, ஒரே வீச்சில் அப்பிவிடுவார். முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. கோட்டின் முதுகுப்பக்கம் முழுக்க இருட்டு. விளக்கு எங்கே இருக்கிறது என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். நம் கைக்கு வந்தது மட்டமான பழுப்புத் தாள். மெல்லிய கோடுகளில் பல அச்சில் காணாமல் போயிருக்கும். ஆனால் அந்தப் பெரிய கறுப்புத் திட்டுகள் எந்தத் தாளிலும் நின்றன. நமக்குப் படம் புரிந்தது அவற்றால்தான்.

இரண்டாவது, இல்லாததை வரைவது. யோசித்துப் பாருங்கள், கதாநாயகன் கண்ணுக்குத் தெரியமாட்டான். அவனை எப்படி வரைவது? கை எந்த உயரத்தில் மிதக்கிறது, எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதிலேயே அவன் நிற்கிறானா, குனிகிறானா, ஓடுகிறானா என்று தெரிந்துவிடும். எதிரே இருப்பவரின் கண் எங்கே போகிறது, எந்தக் கதவு திறக்கிறது என்பது மீதியைச் சொல்லும். ஓர் உடம்பை வரையாமலேயே அது இருக்கும் இடத்தைக் காட்டவேண்டுமானால், அந்த உடம்பை முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, சாதாரண மனிதர்கள். மாயாவியை விடுங்கள். பின்னால் நிற்கும் காவல்காரர், கார் ஓட்டுநர், தெருவில் வேடிக்கை பார்ப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் தனி முகம், தனி நடை. இரும்புக் கை அந்தரத்தில் மிதக்கிறது என்ற பொய்யை நாம் நம்பியதற்குக் காரணம், சுற்றி நின்ற மனிதர்கள் அத்தனை நிஜமாக இருந்ததுதான்.

பேசிக்கொண்டே நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். அதில் மாயாவி இல்லை. பக்கம் முழுக்க மை அப்பிய கறுப்பு. நடுவில் ஒரு சின்ன வெளிச்ச வட்டம். அதற்குள் பால்மரத்தின் பட்டை, சாய்வாக ஒரு வெட்டு, வெட்டும் கத்தி, கத்தியைப் பிடித்த ஒரு கை. மேலே நெற்றி விளக்கு. விளக்குக்குக் கீழே மூக்கும் கன்னத்தின் ஓரமும் மட்டும்.

அம்மா. விடியுமுன் நிரையில் நின்று மரம் வெட்டும் அம்மா. உடம்பு முழுவதும் இருட்டில் கரைந்திருந்தது. ஆனால் அவர் எப்படிச் சாய்ந்து நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. நானும்தான். பிளாஸ்கோவிடம் கற்க வேண்டியதை அவர் 14 வயதிலேயே கற்றுக்கொண்டுவிட்டார். இது கற்கக்கூடிய ஒரு தொழில், இதைச் செய்து பிழைத்தவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. நம் நாட்டிலேயே, பேராக் மாநிலத்தில் 1951-இல் பிறந்த லாட், 13 வயதில் தன் முதல் சித்திரக்கதையை அச்சில் பார்த்துவிட்டார். அந்தச் செய்தியும் எங்கள் லயத்துக்கு வந்து சேரவில்லை.

தெரிந்திருந்தால் அண்ணன் ஓவியராகியிருப்பார் என்று சொல்ல மாட்டேன். ஆறு பேர் கொண்ட குடும்பம். அப்பா படுக்கையில் இருந்த வருடம் அது. சோறுதான் முதலில். ஆனால், மெசினோடு போட்டி போடுகிறோம் என்று நினைத்து ஒருவர் பேனாவைக் கீழே வைப்பதும், தன்னைப் போன்ற ஒரு மனிதரிடம் கற்கிறோம் என்று தெரிந்தே, பிழைப்புக்காக வைப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது ஆள் பிறகு ஒரு நாள் பேனாவைத் திரும்ப எடுப்பார்.

இன்று பிள்ளைகளுக்கு இந்தச் சந்தேகம் இன்னும் அதிகம். ஒரு வரி தட்டினால் கணினி நொடியில் படம் போட்டுத் தருகிறது. "அப்புறம் நான் எதுக்கு வரையணும்?" என்று அண்ணன் பேத்தியே கேட்கிறாள். கூலிமில் நான்காம் படிவம் படிக்கிறாள். பேச்சைவிட ஒரு பெயர் அங்கே அதிகம் உதவும். உங்கள் பிள்ளைக்கு ஒரு படம் பிடித்திருந்தால், அதை வரைந்தவர் யார் என்று சேர்ந்து தேடுங்கள். எந்த ஊர், எந்த வயதில் தொடங்கினார், யாரைப் பார்த்துக் கற்றார் என்று பாருங்கள். பிறகு அதே படத்தைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். தாளை மேலே வைத்து அச்செடுக்க வேண்டாம். கண்ணால் பார்த்து, கையால் வரையட்டும். அடுத்த பக்கத்தில் அதே வெளிச்சத்தை, அதே இருட்டை நம் ஊர்க் காட்சி ஒன்றில் போட்டுப் பார்க்கட்டும். பசார் மாலாம் விளக்கு, கோயில் திருவிழா, இரவு ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை பஸ்ஸில் இறங்கும் அக்கா, எதுவாகவும் இருக்கட்டும்.

நான் கிளம்பும்போது அண்ணன் பேத்தியைக் கூப்பிட்டு அந்தக் கடைசிப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். "இது உன் கொள்ளுப்பாட்டி. விளக்கு இங்க இருக்கு, அதனால இந்தப் பக்கம் பூரா கறுப்பு" என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "டேய், அந்த ஸ்பெயின்காரர் பேரு என்ன சொன்ன? எழுதிக் குடு" என்றார்.

நோட்டின் முதல் பக்கத்தில், அண்ணன் பெயருக்குக் கீழே எழுதிக் கொடுத்தேன்.