தண்ணீர் கேட்பதில் என்ன வெட்கம்?

மொன்றியல் தீவின் மேற்குக் கரையில், சென் லூயி ஏரியை ஒட்டி அமைந்த நகரம் புவாண்ட்-கிளேர். அதன் குடிநீர் அந்த ஏரியிலிருந்தே பெறப்படுகின்றது. கடதாசிக்கும் இந்நகர் பெயர் பெற்றது. 1925ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கனடாவின் மரக்கூழ், கடதாசி ஆய்வு நிறுவனம் பல பத்தாண்டுகள் இங்கேயே இயங்கிப் பின்னர் 2007இல் எவ்.பி.இனோவேஷன்ஸ் என்ற அமைப்பின் பகுதியாக ஆனது. தண்ணீரும் கடதாசியும் அருகருகே இருந்தும், இங்குள்ள கழிவறைகளில் கடதாசி மட்டுமே பொதுவழக்கம். தண்ணீரால் கழுவிப் பழகிய தமிழரோ, விருந்தினர் வருமுன் கழிவறைச் செம்பை மறைத்து வைக்கின்றனர்.

இந்த வெட்கத்துக்கு அடிப்படை ஏதும் உண்டா? கழுவுவதற்கென அமைந்த 'பிடே' 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பரவியது. அச்சொல்லே சிறு குதிரையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். வீடுகளில் பிடே இருக்கவேண்டுமென இத்தாலி 1975இல் விதித்தது. யப்பானின் டோட்டோ நிறுவனம் 1980இல் கழுவும் வசதியுள்ள இருக்கையை அறிமுகப்படுத்தியது. எனவே தண்ணீரை நாடுவது பின்தங்கியோர் பழக்கம் என்பது அறியாமையே. 2020 மார்ச்சில் கடைகளில் கழிவறைக் கடதாசி தீர்ந்தபோது, செம்பு வைத்திருந்த வீடுகள் கலங்கவில்லை.

வீட்டில் இவ்வசதியை அமைப்பது கடினமன்று. இருக்கையின் கீழ் பொருத்தும் எளிய பிடேக்கு மின்சாரம் தேவையில்லை. ஆயினும் குளிர்காலத்தில் குழாய்நீர் உறையும் நிலைக்கு அருகிலிருக்கும். வெந்நீர் வேண்டுவோர் மின்னிணைப்புள்ள இருக்கையைத் தெரிவு செய்யலாம். கைக்குழாய் பொருத்துவோர், பயன்படுத்தியபின் சுவரோர வால்வை மூடுதல் கட்டாயம். தொடர்ந்த அழுத்தத்தில் குழாய் வெடித்தால் கீழ்வீட்டுக் கூரையும் பாழாகும். அழுக்கு நீர் குடிநீர்க் குழாய்க்குத் திரும்பாதிருக்கத் தடுப்பு வால்வும் அவசியம். வாடகை வீட்டில் உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நன்று.

பயணத்தில் வெறும் போத்தலே போதுமானது. விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையைக் கடந்தபின் அதில் நீர் நிரப்பிக் கொள்ளலாம். ஆனால், பயண நாட்களில் நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்ளும் முதியோர் பலர் உள்ளனர். இது உடலுக்குத் தீங்கானது.

இதனினும் கவலைக்குரியது முதியோர் இல்லங்களின் நிலை. கை நடுக்கமும் மூட்டுவலியும் உடைய தாய் தந்தையர், அறுபது ஆண்டுப் பழக்கத்தை ஒரே நாளில் கைவிட நேர்கிறது. மொழி தெரியாத தாதியிடம் தண்ணீர் கேட்க நாணி, அவர்கள் மௌனமாகின்றனர். உணவு, வழிபாடு ஆகியவற்றுக்காகக் கோரிக்கை வைக்கும் தமிழ் அமைப்புகள் இதனைப் பேசத் தயங்குவது ஏன்?

இல்லத்தில் சேர்க்கும் நாளிலேயே, கழுவுவதற்குத் தண்ணீர் வேண்டுமெனப் பராமரிப்புத் திட்டத்தில் எழுதுவித்தல் பிள்ளைகளின் கடமை. ஒவ்வொரு கழிவறையிலும் எளிய பிடே ஒன்றைப் பொருத்தக் கோருவது அமைப்புகளின் கடமை. இது சலுகை அன்று. முதுமையின் மானத்தைக் காக்கும் உரிமை.