சாவி யார் கையில்?

விமானப்படையைப் பற்றிப் பேசப் புகுவோர் விமானங்களை எண்ணுவதோடு நின்றுவிடுகின்றனர். வேகம் எவ்வளவு, எத்தனை குண்டு சுமக்கும், ராடாருக்கு அகப்படுமா என்றெல்லாம் நம் மாணவரும் நாவினிக்கப் பேசுவர். அக்குண்டு யாருடைய சொற்படி வீசப்படும் என்ற வினா மாத்திரம் எழுவதில்லை. செல்வம் கொழிக்கும் ஜேர்மனியின் விமானப்படையை எடுத்து இவ்வினாவை எழுப்பிப் பார்ப்போம்.

அதன் தலைமையகம் பேர்லினில் உள்ளது. வான் நடவடிக்கைகளை நெறிப்படுத்தும் மையம் கல்காரில் இயங்குகிறது. பக்கத்து ஊரான யூடெமில் நேட்டோவின் கட்டளை நிலையம். போர்விமானங்களுட் பெரும்பாலானவை ஜேர்மனியும் பிரித்தானியாவும் இத்தாலியும் ஸ்பெயினும் கூடிச் செய்த யூரோபைட்டர்கள். இவை பற்றி நமக்கு வழக்கில்லை. நம் வழக்கு பியூகல் தளத்திலுள்ள 33ஆம் அணியைப் பற்றியது.

அங்கே முதுமையடைந்த டோர்னாடோ விமானங்களுக்கு ஒரு தனிப் பணி விதிக்கப்பட்டது. அமெரிக்காவின் பி-61 அணுகுண்டுகளை, வேளை வந்தால், சுமந்து செல்வதே அது. விமானம் ஜேர்மனியுடையது, விமானியும் ஜேர்மனியன், குண்டும் அதைத் திறக்கும் இரகசிய எண்ணும் அமெரிக்கருடையவை. அமெரிக்க ஜனாதிபதி இசையாமல் அக்குண்டு அசையாது. அணுவாயுதத்தை உடைமையாகக் கொள்ளோம் என்று 1990ஆம் ஆண்டு உடன்படிக்கையில் உறுதிகூறிய நாடு ஜேர்மனி. உடைமையில்லை, சுமை மாத்திரம் உண்டு! கூலியாளின் நிலையும் இதுதானே?

இச்சுமை புதியதன்று. 1950களின் இறுதியில் மேற்கு ஜேர்மனி லொக்ஹீட் நிறுவனத்தின் ஸ்டார்பைட்டரைத் தெரிந்தெடுத்தது. தெளிந்த வானில் உயரப் பறந்து தாக்குவதற்கெனப் பிறந்த அவ்விமானத்தின்மீது அணுகுண்டையும் கருவிகளையும் ஏற்றி, முகில் மூடிய ஐரோப்பிய வானிலே தாழப் பறக்கவிட்டனர். வாங்கிய 916 விமானங்களுள் 292 வீழ்ந்தன. 116 விமானிகள் மாண்டனர். ‘விதவையாக்கி’ என்று அந்நாட்டு மக்கள் அதற்குப் பெயரிட்டனர். இத்தனைக்கும் அது போர்க்காலமன்று. லொக்ஹீட் பல நாடுகளில் இலஞ்சம் கொடுத்தே விமானம் விற்றது என்பது 1976இல் அமெரிக்க செனட் விசாரணையில் அம்பலமாகியது. ஒல்லாந்தின் பேர்ன்ஹாட் இளவரசர் தம் இராணுவப் பதவிகளை இழக்க நேர்ந்தது அதனாலேயே.

அதே நிறுவனத்தின் வழித்தோன்றலான லொக்ஹீட் மார்ட்டினிடமிருந்துதான் டோர்னாடோவுக்குப் பதிலாக 35 எப்-35 விமானங்களை வாங்க 2022 டிசம்பரில் ஜேர்மனி ஒப்பமிட்டது. விலை ஏறத்தாழ 1,000 கோடி யூரோ. அவ்வாண்டு இராணுவத்துக்கென ஒதுக்கிய 10,000 கோடி யூரோ சிறப்பு நிதியிலிருந்து இப்பணம் செல்கிறது. அந்நிதி முழுவதும் கடன். கடனை இறுப்போர் உழைக்கும் மக்களன்றி வேறு யார்?

உக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்ததைக் காணீரோ என்று நண்பர் சிலர் சீறுவர். கண்டோம், அது கொடிய ஆக்கிரமிப்பு என்பதில் நமக்கு ஐயமில்லை. தன் வானைக் காக்க ஒரு நாட்டுக்கு உரிமையுண்டு என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் எப்-35 தெரிவானதன் முதற்காரணம் வான்காவல் அன்று. அக்காவலுக்கு யூரோபைட்டர் உண்டு. அமெரிக்கக் குண்டைச் சுமக்க அமெரிக்காவின் சான்றிதழ் வேண்டும். சொந்தத் தொழிலாளர் செய்த விமானத்துக்கு அச்சான்றிதழ் இல்லை. ஆகவே குண்டுக்காரனிடமே வண்டியும் வாங்கவேண்டியதாயிற்று. இதனை ‘ஐரோப்பாவின் தற்சார்பு’ என்று மேடையேறிக் கூறும் அமைச்சர்களின் துணிவை என்னென்பது!

மக்களாட்சியின் பங்கு யாதெனில், 2010 மார்ச் 26இல் ஜேர்மன் நாடாளுமன்றம் பல கட்சிகளின் ஆதரவோடு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அமெரிக்க அணுவாயுதங்களை ஜேர்மன் மண்ணிலிருந்து அகற்றுவிக்க அரசாங்கம் முயலவேண்டும் என்பது அதன் சாரம். பியூகலில் இப்போது, எப்-35 வருமுன் முடிக்கவேண்டுமென்று, புதிய ஓடுபாதையும் கொட்டகைகளும் கட்டுகிறார்கள்.